குடிக்கூலி மட்டும்தானா கணக்கு?

பிழைப்புக்காக ஊர் மாறும் தொழிலாளி ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வி: "எங்கே வீடு பார்க்கலாம்?" கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் ஒரு குடும்பத்தின் உடல்நலமும், பிள்ளைகளின் படிப்பும், மாதக் கடைசியில் கையிலே மிஞ்சும் காசும் அந்தக் கேள்விக்குள்ளேதான் அடங்கிக் கிடக்கின்றன.

சென்ற வாரம் நம்மைக் காண ஒரு தோழர் வந்தார். போளூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். நிலம் கைகொடுக்கவில்லை, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலையொன்றிலே வேலை கிடைத்திருக்கிறது. துணைவியாருக்கு வேலூரில் ஒரு மருத்துவமனையில் துப்புரவுப் பணி. இரண்டு பிள்ளைகள், வயதான தாய்.

"தோழர், ரெண்டு வீடு பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு பாகாயத்திலே. இன்னொண்ணு ராணிப்பேட்டையிலே, ஆலைக்குப் பக்கத்திலேயே. ஆலைப் பக்கத்து வீட்டுக்கு மாசம் ரெண்டாயிரம் ரூபாய் வாடகை குறைச்சல். அதையே பேசி முடிச்சிடலாமா?" என்று கேட்டார்.

"அங்கே தண்ணீர் எப்படி?" என்று கேட்டோம்.

"அதை விசாரிக்கலையே, தோழர்!" என்றார்.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். வாடகையைக் கேட்கிறோம், அட்வான்சைக் கேட்கிறோம், தண்ணீரைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதி நெடுகத் தோல் தொழில் நடக்கிறது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். அதை நாம் மறுக்கவில்லை, தூற்றவுமில்லை. ஆனால் பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடுகிறார்கள். பதனிடக் குரோமியம் சேர்க்கிறார்கள். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? பல்லாண்டுக் காலம் ஓடையிலும் வயலிலும் ஆற்றிலும் போயிற்று. அங்கிருந்து கிணற்றுக்குள் இறங்கிற்று.

இது நாம் இட்டுக்கட்டிச் சொல்வதல்ல. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே இருக்கிறது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற மதிப்பீட்டை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசு செய்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதோடு கதை முடிந்ததா? இல்லை. 2025 ஜனவரியில் பாலாற்று மாசு வழக்கு மீண்டும் அதே நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, கொடுத்ததை ஆலைகளிடம் வசூல் செய் என்று அரசுக்கு ஆணை பிறந்தது. இரண்டு தீர்ப்புக்கும் இடையே ஓடிய ஆண்டுகள் 28. இதற்குள் ஒரு தலைமுறையே அந்தத் தண்ணீரோடு வாழ்ந்துவிட்டது.

ஆகவே, வீடு பார்க்கப் போகும் தோழர் முதலில் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்கட்டும். குழாயில் நகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது? கிணற்று நீர் உப்புக் கரிக்கிறதா? சோப்பு நுரைக்கிறதா? பாத்திரத்தில் வெள்ளை படிகிறதா? குடிக்கக் கேன் வாங்குகிறார்களா? ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. உப்பு நாக்குக்குத் தெரியும். குரோமியம் நாக்குக்குத் தெரியாது. ஆலைக் கழிவு தேங்கிய இடத்துக்கு அருகே உள்ள கிணறு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நம்பக்கூடாது.

இனி நம் தோழரின் கணக்கைப் பார்ப்போம். அவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காகிதத்தில் போட்டோம்.

ஆலைப் பக்கத்து வீடு: தண்ணீர்க் கேன் நாளைக்கு ஒன்று, 30 ரூபாய், மாதம் 900. துணைவியார் வேலூர் போய்வர நாளைக்கு 50 ரூபாய். 26 நாளைக்கு 1,300. ஆக 2,200.

பாகாயத்து வீடு: வாடகை 2,000 கூடுதல். தோழர் வேலூர் வந்து, பேருந்து மாறி, ராணிப்பேட்டை போய்த் திரும்ப நாளைக்கு 70 ரூபாய். 26 நாளைக்கு 1,820. துணைவியாருக்குப் பேருந்துச் செலவில்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 மே மாதத்திலேயே ஆணை வந்துவிட்டது. ஆக 3,820.

வித்தியாசம் 1,620 ரூபாய். நாம் கணக்கை மறைக்கவில்லை. காசை மட்டும் பார்த்தால் ஆலைப் பக்கத்து வீடுதான் மலிவு.

அப்படியானால் அந்த 1,620 ரூபாய்க்குப் பாகாயத்திலே என்ன கிடைக்கிறது? ஆரணி போகும் சாலையிலே, வேலூருக்குத் தெற்கே உள்ள பகுதி அது. காட்பாடியிலிருந்து வேலூர் வழியே பாகாயம் வரை நகரப் பேருந்து ஓடுகிறது. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் கல்லூரி வளாகம் அங்கேதான் இருக்கிறது. நகரத்துக்குள் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகாமலே, சுற்றுக் கிராம மக்கள் பார்த்துக்கொள்ளக்கூடிய சமுதாய நல மருத்துவமனையும் அங்கே உண்டு. தந்தை பெரியார் பெயரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை நாளைக்கு நடந்தே கல்லூரிக்குப் போகலாம். தோழரின் தாயாருக்கு மூச்சுத் திணறல். அந்த அம்மாவை ஆலைப் புகைக்கும் கழிவு நாற்றத்துக்கும் நடுவே வைத்துவிட்டு, மிச்சம் பிடித்த 1,620 ரூபாயை மருந்துக் கடையிலே கொடுப்பதா?

இன்னொன்றையும் தோழரிடம் சொன்னோம். 2015 ஜனவரி 31, விடியாத நேரம். ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்தது. சுவரைப் பெயர்த்துக்கொண்டு சேறு பாய்ந்தது. அடுத்திருந்த ஆலைக்குள்ளே படுத்துறங்கிய தொழிலாளர் 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு வாடகை எவ்வளவு? ஒரு காசுகூட இல்லை! ஆலையிலேயே படுக்கை, அதைவிட மலிவான இடம் உலகத்தில் ஏது? அந்த மலிவுக்கு அவர்கள் கொடுத்த விலை உயிர்.

வெளிமாநிலத் தொழிலாளிக்குத் தக்க தங்குமிடம் தரவேண்டும் என்று 1979-லேயே சட்டம் சொன்னது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. தொழிலாளி கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தான்.

இவ்வளவும் கேட்ட தோழர், "பாகாயம்தான் நல்லதுன்னு புரியுது. ஆனா அந்த 1,620 ரூபாய்க்கு நான் எங்கே போவேன், தோழர்?" என்றார்.

நியாயமான கேள்வி. நல்ல தண்ணீருள்ள இடத்தில் குடியிரு என்று உபதேசம் செய்வது எளிது. அதற்கான பணம் யார் தருவது என்பதல்லவா கேள்வி!

ஆம்பூர் வட்டாரத்துக் காலணித் தொழிற்சாலைகள் கிராமம் கிராமமாக வண்டி அனுப்பிப் பெண்களை வேலைக்கு அழைத்துப் போகின்றன. வண்டி அனுப்பினால் ஆள் வருகிறது, உற்பத்தி நடக்கிறது என்று முதலாளிகளுக்குத் தெரியும். அப்படியானால் ராணிப்பேட்டை ஆலைக்கு வேலூரிலிருந்து ஒரு வண்டி வரக்கூடாதா? வந்தால் தோழரின் பேருந்துச் செலவில் பெரும்பகுதி அன்றைக்கே தீர்ந்தது. மீதிக்கு வீட்டு வாடகைப்படி கேட்க வேண்டும். இது பிச்சையல்ல. ஆலையின் கழிவு அக்கம்பக்கத்துத் தண்ணீரைக் கெடுத்ததால்தான் தொழிலாளி தூரத்தில் குடியேறுகிறான். தூரத்துக்கு ஆகும் செலவை அவன் தலையில் கட்டுவது எந்த ஊர் நீதி?

"ஆலையே வீடு கட்டித் தரட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். அதிலும் எச்சரிக்கை தேவை. தொழிலாளிக்கு முதலாளியே நேரடியாக வீடு தருவது பொதுவாக விரும்பத்தக்கதல்ல என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1961-லேயே தன் 115-ஆம் பரிந்துரையில் சொல்லிவிட்டது. காரணம் தெரிந்ததே. வேலை போன அன்றே வீடும் போகும். வீடு போகுமே என்று பயந்தவன் கூலி உயர்வு கேட்க வாய் திறக்கமாட்டான். அரசு கட்டினால் அந்தப் பயம் குறையும். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பை 2024-இல் தமிழக அரசு திறந்தது. தோல் பகுதிக்கும் அதுபோல வேண்டும். தனி ஆளுக்குக் கட்டில் மட்டுமல்ல, குடும்பத்துக்கு வீடும் வேண்டும்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாக ஊருக்கு வருபவருக்கு முதல் உதவி நாம்தான். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வீட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதித் தராதவரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. கையெழுத்துப் போடுமுன் படித்துக் காட்டுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க மறுத்தால், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதியும் மதமும் விசாரித்து வீடு இல்லையென்று சொல்லும் தெருவிலே, புதியவரோடு நாலு பேர் கூடவே போய் நில்லுங்கள். தோல் தொட்டு உழைக்கும் கை, வாடகை கொடுக்கும்போது மட்டும் தீட்டாகாதா என்று கேளுங்கள்!

நம் தோழர் பாகாயத்து வீட்டுக்கே முன்பணம் கொடுத்துவிட்டார். முதல் மாதம் கடன்தான் வாங்கியிருக்கிறார். கடன் வாங்கி நல்ல தண்ணீர் குடிக்கிறது ஒரு தொழிலாளி குடும்பம்! அந்த 1,620 ரூபாயை ஆலையிடமிருந்து பெற்றுத்தரும் வேலை இனி அவருடையது மட்டுமல்ல. நம்முடையது.