பிணியும் பசியும்

மக்கள் வாழ்வுக்குப் பகையாவன பல. அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று பிணி, மற்றொன்று பசி. நாட்டிற்கு இலக்கணம் வகுத்த திருவள்ளுவரும் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தே எண்ணினார். இரண்டில் ஒன்று நீங்கி மற்றொன்று நிலைத்திருப்பினும் அது நல்ல நாடாகாது என்பது அதனால் பெறப்படும். இயல்பான காலத்தில் இரண்டையும் ஒருங்கே எதிர்த்து நிற்பது இயலாத செயலன்று. மருத்துவமனை பிணியைப் போக்கும். தொழிலும் வாணிகமும் பசியைப் போக்கும். ஆனால், ஒன்றைத் தடுக்கப் புகுந்தால் மற்றொன்று தலையெடுக்கும் இக்கட்டான காலமும் உண்டு. 2020-ஆம் ஆண்டில் உலகைச் சூழ்ந்த கொரோனாப் பெருந்தொற்று அத்தகையதொரு காலத்தைக் கொணர்ந்தது.

இந்தியாவில் இந்நோய் 2020 ஜனவரி 30-ஆம் நாள் கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மார்ச்சு 11-ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. தமிழ்நாட்டில் மார்ச்சு 24-ஆம் நாள் மாலை முதல் தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. அது மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, ஜூன் முதல் நாளிலிருந்துதான் படிப்படியாகத் தளர்ந்தது. தொடர்வண்டிகள் நின்றன, ஆலைகள் ஓய்ந்தன, கடைத்தெருக்கள் வெறிச்சோடின.

இத்துணைக் கடுமையான நடவடிக்கை ஏன் வேண்டியதாயிற்று? அதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நோயுற்ற ஒருவர் மூவருக்கு நோயைத் தருவதாகக் கொள்க. அம்மூவர் ஒன்பதின்மருக்குத் தருவர். அவ்வொன்பதின்மர் இருபத்தெழுவருக்குத் தருவர். இவ்வாறு செல்லின் ஆறாம் படியில் நோயுறுவோர் 729 பேர் ஆவர். ஒரு படிக்கு ஐந்து நாள் எனக் கொண்டால், இவ்வளவும் ஒரே திங்களில் நிகழ்ந்துவிடும். மருத்துவமனைகளில் உள்ள கட்டில்களோ, உயிர்வளி தரும் கருவிகளோ, மருத்துவரோ, செவிலியரோ இந்த விரைவில் பெருகுதல் இயலாது. மக்கள் ஒருவரையொருவர் நெருங்காதிருப்பின் இப்பெருக்கம் தணியும். ஊரடங்கின் பயன் இதுவே. அது நோயை ஒழிப்பதன்று. நோயின் விரைவைக் குறைத்து, நாட்டுக்குக் கால இடைவெளி பெற்றுத் தருவது. அவ்விடைவெளியில் கட்டில்களைப் பெருக்கவும், நோயாளிகளைக் கண்டறியவும், மருந்து தேடவும் முயலவேண்டும். முயலாது வாளா இருப்பின், விலைகொடுத்து வாங்கிய காலம் வீணாகிவிடும்.

அந்த விலையை யார் கொடுத்தனர் என்பதும் எண்ணத்தக்கது. திருச்சிராப்பள்ளி மாநகரின் தென்பால், மதுரைக்குச் செல்லும் சாலையை ஒட்டி அமைந்தது எடமலைப்பட்டி புதூர். இத்தகைய புறநகர்களில் மாதச் சம்பளம் பெறுவோரும் நாட்கூலி பெறுவோரும் ஒரே தெருவில் வாழ்வர். அடுத்தடுத்த இரு வீடுகளைக் கருத்தில் கொள்க. ஒரு வீட்டுத் தலைவர் அரசு அலுவலர். மற்றொரு வீட்டுத் தலைவர் சந்தையில் மூட்டை சுமப்பவர். ஊரடங்கு ஆணை இருவருக்கும் ஒன்றே. ஆயினும், முதல் வீட்டிற்குத் திங்கள் முடிவில் சம்பளம் வந்து சேரும். இரண்டாம் வீட்டிற்கு அன்று மாலையே வருவாய் நின்றுவிடும். முதல் வீட்டார்க்கு ஊரடங்கு பொறுமையைச் சோதிப்பது. இரண்டாம் வீட்டார்க்கு அஃது உலையைச் சோதிப்பது. எனவே, ஊரடங்கால் வரும் நலம் ஊர் முழுவதற்கும் பொது. அதனால் வரும் சுமையோ எல்லார் மீதும் ஒத்து ஏறுவதன்று.

திருவரங்கத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். அரங்கநாதர் திருக்கோயிலில் 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட பொதுமக்கள் வழிபாடு செப்டம்பர் முதல் நாளில்தான் மீண்டும் தொடங்கியது. நாள்வழிபாடு உள்ளே குறைவின்றி நடந்தது. ஆனால், கோயிலைச் சார்ந்து வாழ்வோர் அருச்சகர் மட்டும் அல்லர். பூக்கட்டுவோர், தேங்காய் பழம் விற்போர், உணவுக்கடை வைத்திருப்போர், வண்டி ஓட்டுவோர் எனப் பல்லாயிரவர் உளர். எட்டரை, கோப்பு முதலிய ஊர்களில் பூப்பயிர் செய்யும் உழவரும் அவ்வரிசையில் சேர்வர். பூவோ காலையில் மலர்ந்து மாலையில் வாடும் பொருள். நெல்லைப் போல் அதனைப் பத்தாயத்தில் இட்டுக் காத்தல் இயலாது. சந்தை இல்லாமையால், பறிக்கும் கூலிக்கும் பூ கட்டுபடியாகவில்லை. அது செடியிலேயே வாடியது. நாடு முழுவதையும் நோக்கினால், 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள மூன்று திங்களில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

இந்நிலையில் அறிஞரிடையே இருவேறு கருத்துகள் எழுந்தன. உயிர் இருந்தாலன்றோ தொழில் செய்ய இயலும். ஆகவே நோய் தணியும்வரை யாவற்றையும் மூடிவைத்தலே முறை என்றனர் ஒரு சாரார். தொழில் இருந்தாலன்றோ உயிர் வாழ இயலும். நோய்க்குத் தப்பியவர் பசிக்கு இரையாதல் தகுமோ என்றனர் மற்றொரு சாரார். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. தமிழ்நாட்டு அரசும் இருவகை அறிவுரையையும் நாடியது. ஊரடங்கு குறித்துக் கருத்துரைக்க மருத்துவ வல்லுநர் குழு இருந்தது. 2020 மே மாதத்தில், பொருளியல் அறிஞர் சி. ரங்கராசன் தலைமையில், மாநிலத்தின் பொருளாதாரத்தை மீட்பதற்கான வழிகளை ஆராய உயர்நிலைக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. ஆயினும், மூடுவதா திறப்பதா என்னும் வினாவுக்குத் தெளிவான விடையை நூலறிவு மட்டும் தந்துவிடவில்லை. சந்தைகளில் நிகழ்ந்தவையும் அதனைக் கற்பித்தன.

முதற் பாடத்தைத் தந்தது சென்னைக் கோயம்பேட்டுச் சந்தை. காய்கறி இன்றியமையாப் பொருளாதலின் அச்சந்தை ஊரடங்கிலும் திறந்திருந்தது. ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்னும் அறிவிப்பு, அதற்கு இரு நாட்களுக்கு முன்னர் வெளியாயிற்று. நான்கு நாட்களுக்குப் பொருள் கிடைக்காதோ என அஞ்சிய மக்கள் 25-ஆம் நாள் கடைகளில் வெள்ளம்போல் திரண்டனர். நெருக்கத்தைத் தவிர்க்க இட்ட ஆணையே நெருக்கத்தை உண்டாக்கியது. பின்னர் அச்சந்தையோடு தொடர்புடையோர் இரண்டாயிரவர்க்கு மேல் நோயுற்றனர். கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களுக்கும் நோய் பரவியது. மே 5-ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. வாணிகம் திருமழிசைக்கு மாறியது. காவலின்றித் திறந்து வைத்தால் நோய் தானே வந்து கதவை அடைக்கும் என்பதும், முன்னேற்பாடின்றி மூடினால் அம்மூடலே நோய்க்கு வழி திறக்கும் என்பதும் அங்கே ஒருங்கே விளங்கின.

இரண்டாம் பாடம் திருச்சிராப்பள்ளியிலேயே கிடைத்தது. மாநகரின் காந்திச் சந்தை நெருக்கமான பழைய சந்தை. பல ஊர்களிலிருந்து சுமையுந்துகள் இரவில் அங்கு வந்து சேரும். விடியுமுன் மூட்டைகள் இறங்கி, ஏலம் முடிந்து, சில்லறை வணிகர் கைக்கு மாறும். ஒருவர் தோளை மற்றொருவர் தோள் உரசாமல் அங்கு நடத்தல் அரிது. நோய் பரவத் தொடங்கியபோது மாநகராட்சி அச்சந்தையை மூடியது. ஆனால் வாணிகத்தை மூடவில்லை. மொத்த விற்பனை பொன்மலை ஜி கார்னர் திடலுக்கு மாற்றப்பட்டது. சில்லறை விற்பனை நகரின் பல திடல்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சந்தையை முற்றும் மூடாமலும், இருந்தவாறே திறக்காமலும், வெட்டவெளிக்குக் கொண்டு சென்ற இம்முறை நடுவழி எனலாம்.

நடுவழியும் துன்பமற்றதன்று. திறந்த திடலில் வெயிலுக்கும் மழைக்கும் போதிய மறைவு இல்லை. மழை பெய்தால் தரை சேறாகும், காய்கறி கெடும். கடையை நம்பி முதலிட்டிருந்த வணிகர் பழைய இடத்தைத் திறக்குமாறு பன்முறை வேண்டினர். நகருக்கு வெளியே கள்ளிக்குடியில் முன்னரே கட்டப்பட்டிருந்த புதிய சந்தைக்கே மொத்த வாணிகம் செல்லவேண்டும் என்ற வழக்கும் இதனோடு கலந்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இருந்த இடைக்காலத் தடை நீங்கியபின், அவ்வாண்டு நவம்பர் இறுதியில்தான் காந்திச் சந்தை மீண்டும் திறக்கப்பட்டது. தற்காலிக ஏற்பாடு ஒன்றைச் செய்யும்போதே, அது எதுவரை நீடிக்கும், எந்நிலை வந்தால் முடியும் என்பதையும் மக்களுக்குத் தெளிவுறுத்த வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் படிப்பினை. முடிவு தெரிந்த துன்பத்தை மக்கள் பொறுப்பர். முடிவு தெரியாத துன்பம் நம்பிக்கையைத் தேய்க்கும்.

வரலாறும் இதனை வலியுறுத்துகின்றது. 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக்கு நோய் தோன்றியது. அடுத்த ஆண்டு ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறு சட்டம் அது. அரசுக்கு ஆணையிடும் உரிமையை அது தந்தது. மீறுவோர்க்குத் தண்டனையையும் கூறியது. தொழிலிழந்தவர்க்கு உணவளிப்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வீடு புகுந்து சோதித்த கடுமையால் மக்கள் வெகுண்டனர், நோயாளிகளை மறைத்தனர். மறைந்த நோய் மேலும் பரவியது. அதே சட்டம் 2020-இலும் எடுத்தாளப்பட்டது. தண்டனைக்கு அஞ்சி ஒருவன் ஒரு நாள் வீட்டில் இருப்பான். பசித்த குழந்தையின் முகத்தைக் கண்டபின் மறுநாளும் இருப்பானா?

1918-ஆம் ஆண்டு நச்சுக்காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது அமெரிக்காவின் இரு நகரங்கள் இருவேறு வழியில் சென்றன. பிலடெல்பியா நகரம், நோய் வந்த செய்தி தெரிந்தும் செப்டம்பர் 28-ஆம் நாள் பெரியதோர் ஊர்வலத்தை நடத்தியது. சில நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பின. சில வாரங்களில் பல்லாயிரவர் மாண்டனர். செயின்ட் லூயி நகரமோ பள்ளிகளையும் அரங்குகளையும் முன்னரே மூடியது. அங்கு இறப்பு விகிதம் பிலடெல்பியாவில் நேர்ந்ததைவிட மிகக் குறைவு. ஆனால், அந்நகரமே நவம்பரில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது நோய் மீண்டும் தலைதூக்கியது. காலத்தே மூடுவதும், அளவறிந்து திறப்பதும் ஆகிய இரண்டும் வேண்டும் என்பதற்கு இந்நகரங்கள் சான்றாகும்.

அளவறிந்து திறத்தல் காவிரிக் கரையில் வாழ்வோர்க்குப் புதிதன்று. முக்கொம்பில் உள்ள மேலணையின் மதகுகளை நோக்குக. வெள்ளம் பெருகினால் கொள்ளிடத்து மதகுகளைத் திறந்து நீரை வெளியேற்றுவர். வெள்ளம் தணிந்தால் அவற்றை இறக்கிக் காவிரியில் நீர் குன்றாமல் காப்பர். எப்போதும் திறந்திருப்பதற்கோ எப்போதும் மூடியிருப்பதற்கோ மதகு அமைக்கப்படவில்லை. நாள்தோறும் நீர்மட்டத்தை அளந்து பார்ப்பவரே அதனை முறையாக ஆள இயலும். நோய்க்காலத்தில் நீர்மட்டம் போன்றவை, புதிதாக நோயுறுவோர் தொகையும் மருத்துவமனையில் ஒழிந்திருக்கும் கட்டில்களின் தொகையுமாம். இவற்றை மறைக்காது வெளியிட்டால், இன்று கதவு ஏன் மூடப்பட்டது, நாளை ஏன் திறக்கப்படும் என்பதை மக்களும் உணர்வர்.

மூடும்போது உணவளித்தல் அரசின் கடமை என்பதும் பையப் பைய உணரப்பட்டது. 2020 ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர்க்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியனவும் நியாயவிலைக் கடைகள் வாயிலாக வழங்கப்பட்டன. 2021-இல் நோயின் இரண்டாம் அலை எழுந்தது. மே 21-ஆம் நாள் ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000-க்கு மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. மே, ஜூன் திங்களில் இரு தவணையாக நாலாயிரம் ரூபாய் தரப்பட்டது. மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு வந்தபோது, அதற்கு முந்திய இரு நாட்களில் கடைகளில் கூட்டம் கூடியது உண்மையே. ஆயினும், அதன் பின்னர்க் காய்கறியும் பழமும் வண்டிகளில் ஏற்றப்பட்டுத் தெருத்தெருவாகச் சென்றன. மக்களைச் சந்தைக்கு வராதே என்று தடுத்ததோடு நில்லாமல், சந்தையையே மக்களிடம் அனுப்பிய இம்முறை முதலாண்டில் கற்ற பாடத்தின் பயனாகும். அவ்வாண்டு ஜனவரி 16-ஆம் நாள் நாட்டில் தொடங்கிய தடுப்பூசிப் பணி பரவப் பரவ, திறப்பதால் வரும் அச்சமும் குறைந்தது.

ஆகவே, பிணியைத் தடுப்பதா, பசியைத் தடுப்பதா என இரண்டில் ஒன்றைத் தேர்தல் முறையன்று. மூடவேண்டிய காலத்தில், மூடுவதால் உழைப்பிழப்பவர் வீட்டு உலை எரிகிறதா என்று பார்த்து மூடவேண்டும். திறக்கவேண்டிய காலத்தில், திறப்பதால் நோயுறுபவர்க்குக் கட்டில் உண்டா என்று பார்த்துத் திறக்கவேண்டும். ஊர் முழுவதன் உயிரைக் காக்கும்பொருட்டு வீட்டில் அடங்கியிருந்த நாட்கூலியாளர் ஊருக்கு ஒரு நன்மை செய்தவர் ஆவர். அவர்க்கு அளிக்கப்படும் அரிசியும் பணமும் இரக்கத்தால் இடும் பிச்சையல்ல. ஊர் அவர்க்குச் செலுத்தவேண்டிய கடன். மீண்டும் ஒரு கொள்ளைநோய் வருமாயின், இக்கடனை முதலில் செலுத்தும் நாடே மக்களின் நம்பிக்கையைப் பெற்று நோயையும் வெல்லும்.