மிதிவண்டியும் மரியாதையும்

1941ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று இன்று படிப்போர்க்கு வியப்பளிக்கும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்ல உரிமை வேண்டும் என்பது அது.

இறங்கி நிற்க அரை நிமிடம்கூட ஆகாது. அதற்கா இத்தனை போராட்டம்? கிராணிக்கு அது மரியாதை. தொழிலாளிக்கு அது இழிவு. கிராணிமாருள் பலர் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் ஆவர். அவர்களும் துரைக்குக் கீழ்ப்பட்டவர்களே. ஆயினும், தமக்குக் கீழே ஒரு படி இருந்தது அவர்களுள் பலர்க்குக் குறையாகப் படவில்லை.

கூலியின் கதையும் இத்தகையதே. கப்பலேறி வந்த தலைமுறை தன் கூலியை ஊர்ப் பண்ணைக் கூலியோடு ஒப்பிட்டது; மனம் ஓரளவு நிறைந்தது. 1938இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதன்பின் புதிதாய் வருவோர் குறைந்தனர். தோட்டத்தையே ஊராகக் கொண்டவர்களின் கண் பக்கத்துச் சீனத் தொழிலாளியின் கூலிமீது சென்றது எனலாம். சமகூலி கேட்டு எழுந்தனர். ஏற்றத்தாழ்வு முன்பும் இருந்தது, அளவுகோலே மாறியது.

இதனை உளநூலார் சோதித்தும் பார்த்துள்ளனர். ஹென்றி தாஜ்ஃபெல் என்பவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயது மாணவர்களை இரு குழுவாக்கினார். க்ளே, காண்டின்ஸ்கி என்னும் இரு ஓவியருள் யார் ஓவியம் பிடிக்கும் என்பதே பிரிவுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. உண்மையில் அவர்களைக் கண்டபடி பிரித்திருந்தார். பிறர்க்குக் காசு பங்கிடச் சொன்னபோது, பலர் தம் குழுவுக்குச் சற்றுக் குறைந்தாலும் சரி, அடுத்த குழுவைவிட மிகுதியாகக் கிடைக்கட்டும் என்று பங்கிட்டனர். ஆய்வு 1970இல் வெளிவந்தது. தாஜ்ஃபெல், நாசிகளிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்து யூதர். அவர்க்கு இஃது ஏட்டுக் கேள்வியன்று.

ஓவியம் செய்த வேலையைத் தோட்டத்தில் சாதி செய்தது. பல தோட்டங்களில் ஆதிதிராவிடர்க்குத் தனி லயம். 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய பெரியார் மலாயாத் தமிழரிடையே சாதியைக் கண்டித்துப் பேசினார். அவர் வருகையை எதிர்த்தவர்களுள் தமிழரும் இருந்தனர்.

கிள்ளான் கோரிக்கைப் பட்டியலில் பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், மிதிவண்டி எல்லாம் உண்டு. தனி லயங்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.