128 பைட்டில் ஒரு காடு

ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். இன்றைய கணிப்பொறியில் 'அம்மா' என்று தமிழில் எழுதினால் அது எவ்வளவு இடம் பிடிக்கும்? அ, ம, புள்ளி, மறுபடி ம, கால் என்று ஐந்து குறிகள். குறி ஒன்றுக்கு 3 பைட் வீதம் 15 பைட். சரி, 128 பைட் மட்டுமே கொண்ட ஒரு நினைவகத்தை உங்களிடம் கொடுக்கிறேன். அதில் எத்தனை முறை 'அம்மா' என்று எழுதலாம்? எட்டு முறை. ஒன்பதாவது அம்மாவுக்கு இடம் போதாது!

இந்த 128 பைட்டை வைத்துக்கொண்டு ஒரு காட்டையும், ஓர் ஆற்றையும், அரண்மனைகளையும் திரையில் காட்டிய ஒரு பெட்டி உண்டு. 1977இல் அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட வீடியோ விளையாட்டுப் பெட்டிதான் அது. முதலில் 'வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம்' என்று அழைக்கப்பட்டு, 1982 முதல் 'அட்டாரி 2600' ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள் போல விற்பனையில் இருந்தது. இப்போது அதை ஏன் நினைவுகூர வேண்டும்? பழைய விளையாட்டுகளில் எதை விளையாடிப் பார்க்கலாம் என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இந்தப் பெட்டியின் விளையாட்டுகளைத்தான் சொல்கிறேன். அவற்றை விளையாடலாம், விளையாடிக்கொண்டே உள்ளே நடப்பதைக் கண்டும் பிடிக்கலாம். இன்றைய விளையாட்டுகளில் அது எளிதல்ல.

முதலில் பெட்டியைத் தெரிந்துகொள்வோம். விளையாட்டின் நிரல் காட்ரிட்ஜ் என்னும் சிறு பெட்டியில் நிலையாக எழுதப்பட்டிருக்கும். அதைச் செருகினால் விளையாட்டு தொடங்கும். அந்நாளையக் காட்ரிட்ஜுகளில் பெரும்பாலும் 2,048 அல்லது 4,096 பைட்தான். இது பாடப்புத்தகம் போன்றது. படிக்கலாம், மாற்ற முடியாது. 128 பைட் நினைவகமோ சிலேட்டுப் பலகை. மதிப்பெண், எதிரி இருக்கும் இடம், மிச்சமிருக்கும் உயிர்கள் எல்லாவற்றையும் அந்தப் பலகையில்தான் எழுதி அழிக்க வேண்டும்.

இந்தப் பெட்டியின் திரையில் கிடைமட்டமாக 160 புள்ளிகள். மேலிருந்து கீழாக ஏறத்தாழ 192 வரிகள். பெருக்கினால் 30,720 புள்ளிகள். சிலேட்டில் உள்ளதோ 1,024 பிட்டுகள். புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தால்கூட முப்பதில் ஒரு பங்கு படத்துக்குத்தான் இடமிருக்கும். எனவே படத்தை நினைவகத்தில் வரைந்து வைத்துக்கொண்டு திரைக்கு அனுப்பும் வழக்கமான முறை இங்கே செல்லாது. பிறகு படம் எப்படி வந்தது?

இதற்குப் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியை நினைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2006 முதல் அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி உங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கலாம். அதன் பருத்த பின்புறத்திலிருந்து ஓர் எலெக்ட்ரான் கற்றை புறப்பட்டு, திரையின் பின்பக்கம் பூசப்பட்ட ஒளிர்பொருளைத் தாக்குகிறது. தாக்கிய இடம் ஒளிர்கிறது. நாம் புத்தகம் படிப்பது போலவே, கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி ஓடி, திரும்பி வந்து அடுத்த வரியைத் தொடங்கும். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக இந்தப் பெட்டி அனுப்பியது ஒரு படத்துக்கு 262 வரிகள், நொடிக்கு 60 படங்கள். (நம் நாட்டுத் தொலைக்காட்சியின் கணக்கு வேறு: நொடிக்கு 50.) ஆக, ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோ நொடி கூட இல்லை.

அட்டாரியின் நுண்செயலி நொடிக்கு ஏறத்தாழ 12 லட்சம் துடிப்புகள் கொண்டது. ஒரு வரி ஓடும் நேரத்தில் சரியாக 76 துடிப்புகள். ஒரு கட்டளையை நிறைவேற்றவே 2 முதல் 7 துடிப்புகள் ஆகும். அந்தச் சில கட்டளைகளுக்குள், அந்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்பதைப் படம் வரையும் சில்லுக்குச் சொல்லி முடித்துவிட வேண்டும். பந்தியில் இலை போடுபவர், சாதம் பரிமாறுபவருக்கு ஓரடி முன்னாலேயே போக வேண்டுமல்லவா? தாமதித்தால் சாதம் தரையில் விழும். இங்கே ஒரு துடிப்புத் தாமதித்தால், கற்றை மூன்று புள்ளிகள் தாண்டிப் போயிருக்கும்! எதிரியை நகர்த்துவது, மோதலைக் கணக்கிடுவது போன்ற மற்ற வேலைகளை எல்லாம், கற்றை திரையின் அடியிலிருந்து மறுபடி உச்சிக்கு வரும் சிறு இடைவேளையில் செய்துகொள்ள வேண்டும்.

படம் வரையும் சில்லுக்கும் தெரிந்தவை மிகக் குறைவே. ஆட்டக்காரர் உருவம் இரண்டு, குண்டு இரண்டு, பந்து ஒன்று, பின்னணி ஒன்று. பின்னணிக்கு 20 பிட் மட்டுமே உண்டு. அதுவும் திரையின் இடது பாதிக்குத்தான். வலது பாதியில் அதையே திருப்பிப் போடலாம், அல்லது கண்ணாடி பிம்பமாகப் போடலாம்.

இனி விளையாட்டுகளுக்கு வருவோம்.

முதலில் பெட்டியோடு சேர்த்தே தரப்பட்ட 'காம்பாட்' (1977). இரண்டு பேர் இரண்டு டாங்கிகளை ஓட்டிச் சுட்டுக்கொள்வது. இரண்டு உருவம், இரண்டு குண்டு. பெட்டியே இதற்கும் பந்தடி விளையாட்டுக்குமாகத்தான் வடிவமைக்கப்பட்டது என்பது புரிகிறதா? அரைமணி நேரம் போதும். ஆனால் குண்டு சுவரில் பட்டுத் தெறிக்கும் வகையை மட்டும் தவறவிடாதீர்கள். தம்பியோ தங்கையோ உடன் இருந்தால் இன்னும் நல்லது. இதைத் தனியாக விளையாட முடியாது.

அடுத்தது 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாதோ 1978இல் கடைகளில் காசு போட்டு விளையாடும் பெரிய இயந்திரத்துக்காக உருவாக்கியது. அதில் 55 படையெடுப்பாளர்கள் வரிசை வரிசையாக இறங்கி வருவார்கள். 1980இல் அட்டாரிப் பெட்டிக்கு வந்தபோது அவர்கள் 36 ஆகக் குறைந்தார்கள்: வரிசைக்கு ஆறு பேர், ஆறு வரிசைகள். ஏன் ஆறு? சில்லுக்குத் தெரிந்த உருவங்கள் இரண்டுதான் என்றேன். ஆனால் ஒவ்வோர் உருவத்தையும் ஒரே வரியில் மூன்று படிகளாகக் காட்டும் வசதி அதில் உண்டு. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு! கற்றை கீழே இறங்க இறங்க, அதே இரண்டு உருவங்களுக்கே வேறு வேடம் போட்டு அடுத்த வரிசையையும் வரைந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் சதுரங்கப் பலகையில் ஒரு வரிசைக்கு எட்டுக் காய்கள் வேண்டுமே, என்ன செய்வது? 'வீடியோ செஸ்' (1979) எழுதியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு வரியில் நான்கு காய்கள், அடுத்த வரியில் மற்ற நான்கு காய்கள் என்று மாற்றி மாற்றி வரைந்தார்கள். உற்றுப் பாருங்கள், ஒவ்வொரு காயும் சன்னல் சட்டங்கள் போல வரி வரியாக, அடுத்த காயோடு ஒரு வரி ஏறி இறங்கித் தெரியும். இதைவிட வேடிக்கை, பெட்டி தன் முறைக்கு யோசிக்கத் தொடங்கினால் பலகையே மறைந்து, திரை முழுவதும் வண்ணங்கள் மாறி மாறி ஓடும். பழுதல்ல, பயப்படாதீர்கள். வரைவதும் யோசிப்பதும் ஒரே நுண்செயலிதான். யோசிக்கும்போது வரைய அதற்கு நேரமில்லை. கடினமான நிலைகளில் ஒரு நகர்த்தலுக்கு மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். சதுரங்கம் நன்றாக ஆடும் பிள்ளைகளுக்கு இது பெரிய எதிராளி அல்ல. நான் இதைப் பரிந்துரைப்பது வெற்றி தோல்விக்காக அல்ல, அந்த வரிகளுக்காக.

என்னைக் கேட்டால் முதல் இடம் 'பிட்ஃபால்' விளையாட்டுக்கு. டேவிட் கிரேன் எழுதி 1982இல் ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்டது. ஹாரி என்பவன் காட்டில் ஓட வேண்டும். குழிகள், முதலைகள், உருளும் மரக்கட்டைகள். 20 நிமிடங்களுக்குள் 32 புதையல்களை எடுக்க வேண்டும். காட்டில் மொத்தம் 255 காட்சிகள். ஒவ்வொரு காட்சியிலும் மரங்கள் எங்கே, குழி எந்த வகை, புதையல் உண்டா என்பதை எல்லாம் எழுதிவைத்தால் 4,096 பைட் காட்ரிட்ஜில் கணிசமான பகுதி அதற்கே போய்விடும். கிரேன் எதையும் எழுதிவைக்கவில்லை. 8 பிட் கொண்ட ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த எண்ணின் பிட்டுகளே மரத்தையும் குழியையும் தீர்மானிக்கும். ஹாரி வலப்பக்கம் அடுத்த காட்சிக்குப் போனால் ஒரு விதிப்படி எண் மாறும். இடப்பக்கம் திரும்பினால் அதே விதி தலைகீழாகும். பழைய காட்சி அப்படியே திரும்ப வரும். எந்தக் காட்சியில் இருக்கிறோம் என்பதற்குச் சிலேட்டில் ஒரே ஒரு பைட்!

அத்தகைய விதி ஒன்றைத் தாளும் பென்சிலும் கொண்டு நீங்களே செய்து பார்க்கலாம். எட்டுக்குப் பதில் நான்கு இலக்கங்கள் எடுத்துக்கொள்வோம். 0001 என்று எழுதுங்கள். இடப்பக்கத்து முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. அதை வலக்கோடியில் சேர்த்து, இடக்கோடி இலக்கத்தை அடித்துவிடுங்கள். 0001க்கு அடுத்து 0010, பிறகு 0100, பிறகு 1001, பிறகு 0011. தொடர்ந்து எழுதுங்கள். 15 வெவ்வேறு எண்கள் வந்து, பதினாறாவதாக மறுபடி 0001 வந்து நிற்கும். வராத எண் 0000 ஒன்றுதான். அதில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். எட்டு இலக்கங்களுக்குத் தக்க விதியைத் தேர்ந்தால் 255 எண்கள் வரும். ஹாரியின் காட்டில் ஏன் 256 காட்சிகள் இல்லை என்பது இப்போது தெரிந்திருக்கும். வலப்பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தால் அவன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வான்.

இதே வகைக் கணக்கில் ஓடுவது 'ரிவர் ரெய்டு' ஆறு (1982). எழுதியவர் கேரல் ஷா. விளையாட்டு வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்ட முதல் பெண்களில் ஒருவர். ஆற்றின் மேல் விமானம் ஓட்டுகிறீர்கள். எரிபொருள் குறைந்துகொண்டே வரும். எரிபொருள் கிடங்கின் மேல் பறந்தால் நிரப்பிக்கொள்ளலாம். அதைச் சுட்டால் மதிப்பெண். இரண்டில் எது என்று அரை நொடியில் முடிவுசெய்ய வேண்டும். இன்றும் அலுக்காத ஆட்டம். கரைகளைக் கவனியுங்கள்: இடக்கரை எப்படி வளைகிறதோ அப்படியே எதிர்ப்புறமாக வலக்கரை வளையும். சில்லின் 20 பிட் பின்னணியும் அதன் கண்ணாடி பிம்பமும்தான் அந்த ஆறு.

'அட்வென்ச்சர்' (1980) பார்ப்பதற்கு மிகவும் ஏழை. நீங்கள் ஒரு சதுரம், அவ்வளவே. சில்லின் 'பந்து'தான் கதாநாயகன். டிராகன்கள் வாத்துப் போலிருக்கும். ஆனால் வாளை எடுக்கலாம், சாவியை எடுக்கலாம், பாலத்தைத் தூக்கிப் போய் வேறிடத்தில் வைக்கலாம். கையில் இருப்பதை ஒரு வௌவால் பறித்துப் போகும். நீங்கள் வேறு அறையில் இருக்கும்போதும் அது பறந்துகொண்டேதான் இருக்கும்.

இந்த விளையாட்டில் ஒரு ரகசிய அறை உண்டு. அந்நாளில் அட்டாரி விளையாட்டுகளில் எழுதியவர் பெயரைப் போடுவதில்லை. 'அட்வென்ச்சர்' எழுதிய வாரன் ராபினெட் யாரிடமும் சொல்லாமல் ஓர் அறையை ஒளித்து, அதில் தம் பெயரை எழுதிவிட்டு வேலையிலிருந்து விலகினார். பின்னணியோடு பின்னணியாகக் கலந்த ஒரே ஒரு சாம்பல் புள்ளியைக் கண்டெடுத்துச் சென்றால்தான் அந்த அறை திறக்கும். ஒரு சிறுவன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதிய பிறகே நிறுவனத்துக்குத் தெரிந்தது. புள்ளி எங்கே என்று நான் சொல்லப்போவதில்லை! பெயரும் உரிய பங்கும் கிடைக்காத குறையால்தான் டேவிட் கிரேன் உள்ளிட்ட நால்வர் அட்டாரியை விட்டு வெளியேறினார்கள். 1979இல் ஆக்டிவிஷன் பிறந்தது. அதன் விளையாட்டுகளில் எழுதியவர் பெயர் வெளிப்படையாகவே அச்சானது.

தவிர்க்க வேண்டியவை? 1982இல் இந்தப் பெட்டிக்கு வந்த 'பேக்மேன்' விளையாட்டைப் பெயருக்காக எடுத்துவிடாதீர்கள். பேய்கள் மின்னிமின்னிக் கண்ணை வலிக்கச் செய்யும். அதே ஆண்டு வந்த 'ஈ.டி.' விளையாட்டை ஒருவரே ஏறத்தாழ ஐந்து வாரங்களில் எழுத நேர்ந்தது. விற்காத காட்ரிட்ஜுகள் 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகார்டோ நகரக் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. 2014இல் தோண்டியபோது வெளியே வந்தன. அவ்வளவு மோசமான விளையாட்டு அல்ல அது என்பது என் கருத்து. ஆனால் அதில் குழியில் விழுந்து விழுந்து எழுவதற்குப் பிட்ஃபால் குழிகளே மேல்.

இவற்றை எங்கே விளையாடுவது? பழைய காட்ரிட்ஜுகளை ஏற்கும் புதிய பெட்டி ஒன்றை அட்டாரி 2023இல் வெளியிட்டது, விலை அதிகம். சாதாரணக் கணிப்பொறியில் 'ஸ்டெல்லா' என்னும் இலவச மென்பொருள் அந்தப் பெட்டியைப் போலவே நடிக்கும். (பெட்டியை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜோ டெக்யூரின் மிதிவண்டியின் பெயர் அது, பெட்டிக்கு அன்று வைத்த ரகசியப் பெயரும் அதுவே.) விளையாட்டுகளுக்கு இன்றும் உரிமையாளர்கள் உண்டு. ஆகவே முறையாக வெளிவந்துள்ள தொகுப்புகளை வாங்குவதே சரி. பள்ளிக் கணிப்பொறி அறையில் என்றால் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விளையாடும்போது ஒன்று செய்யுங்கள். 'அட்வென்ச்சர்' விளையாட்டில் ஒரே அறையில் மூன்று பொருள்களைக் கொண்டுவந்து போடுங்கள். உருவங்கள் இரண்டுதானே! அவை மின்னத் தொடங்கும். பழைய படக்குழாயில் ஒளிர்பொருள் சற்று நேரம் ஒளிர்ந்துகொண்டிருந்ததால் அது இவ்வளவு உறுத்தவில்லை. இன்றைய தட்டைத் திரையில் நன்றாகத் தெரியும். ஸ்டெல்லாவில் அந்த ஒளிர்வைப் போலிசெய்யும் அமைப்பு உண்டு. அதைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். பிறகு படத்தை நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். எந்தப் படத்தில் எந்தப் பொருள் இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள்.