ஓடுபாதை வட்டமா இருந்தா என்ன?



போன மாதம் எங்கள் வகுப்பில் சார் வட்ட இயக்கம் பாடம் நடத்தினார். அப்போது கடைசி பெஞ்சில் இருந்து ஒரு தோழி எழுந்து, "சார், விமானம் இறங்குற ரன்வே ஏன் நேராவே இருக்கு? வட்டமா போட்டா என்ன?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்துவிட்டது. அதிகமா சிரித்தது நான்தான். சார் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ சிரிச்சல்ல, நீயே பதில் கண்டுபிடிச்சு சுவர்ப் பத்திரிகையில எழுது" என்று சொல்லிவிட்டார். அதனால் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் நேர்கோடு?

பட்டம் விடும்போது நாம் காற்றுக்கு எதிரே ஓடுவோம். அப்போதுதான் பட்டம் ஏறும். விமானமும் அப்படித்தான். எதிர்க்காற்று இருந்தால் இறக்கைக்குத் தூக்குவிசை சீக்கிரம் கிடைக்கும், குறைந்த தூரத்தில் ஏறலாம், இறங்கலாம். பக்கவாட்டில் காற்று அடித்தால் விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். அதனால் ஒரு ஊரில் பெரும்பாலும் எந்தத் திசையில் காற்று அடிக்கிறதோ அந்தத் திசையைப் பார்த்து ஓடுபாதை போடுகிறார்கள். ஆனால் காற்று நம்ம பேச்சைக் கேட்குமா? அது திசை மாறும்போதுதான் பிரச்சினை.

வட்டம் என்றால் எந்தப் பக்கம் காற்று அடித்தாலும், அதை எதிர்த்து இறங்க ஒரு இடம் இருக்கும். என் தோழியின் கேள்வியில் இருந்த நியாயம் இதுதான்.

அந்தக் கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டிருக்கிறார்கள்!

நெதர்லாந்து நாட்டு விமான, விண்வெளி ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஹென்க் ஹெசலிங்க் என்பவரும், ஐரோப்பாவின் வேறு சில ஆய்வு நிலையங்களும் 2012 முதல் 2014 வரை இதை ஆராய்ந்தார்கள். அதற்கு "முடிவில்லா ஓடுபாதை" என்று பெயர். விட்டம் 3 கிலோமீட்டருக்கு மேல், சுற்றளவு சுமார் 10 கிலோமீட்டர், அகலம் 140 மீட்டர். விமான நிலையக் கட்டடங்கள் எல்லாம் வட்டத்துக்கு உள்ளே.

அதற்கும் முன்னால், 1960களின் நடுவில், அமெரிக்கக் கடற்படை விமானிகள் நிஜமாகவே வட்டப் பாதையில் விமானத்தை இறக்கிப் பார்த்தார்கள். அரிசோனா மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கார்களைச் சோதிக்கப் போட்டிருந்த வட்டச் சாலையில் அந்தச் சோதனை நடந்தது. விமானங்கள் இறங்கின, ஏறவும் செய்தன. இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

விமானம் வெளியே தூக்கி எறியப்படாதா?

திருவிழாவில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். பைக் வேகமாகப் போகும்போது சுவரிலேயே ஓடும். வேகம் குறைந்தால் கீழே வந்துவிடும். வட்டமாகத் திரும்ப மையநோக்கு விசை வேண்டும். அதைப் பாதையின் சாய்வே கொடுக்கும்.

விமானம் இறங்கும்போது வேகம் மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர். இந்த வட்டத்தில் அந்த வேகத்துக்கு எவ்வளவு சாய்வு வேண்டும் என்று சார் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். சுமார் 18 டிகிரி வந்தது. உள்ளே இருக்கிறவர்களுக்கு உடம்பு கொஞ்சம் கனமாகத் தெரியும், அவ்வளவுதான். 40 கிலோ எடை உள்ளவருக்கு 42 கிலோ போல இருக்கும்.

செய்து பாருங்கள்: வீட்டில் இருக்கும் இரும்புச் சட்டியில் ஒரு கோலிக்குண்டைப் போட்டுச் சுழற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் குண்டு மேலே ஏறும். மெதுவானால் தானாக நடுவுக்கு இறங்கும். அந்த ஓடுபாதையும் இதே மாதிரிதான். வெளி ஓரம் நல்ல சாய்வு, உள் ஓரம் கிட்டத்தட்ட சமதளம். விமானம் வெளிப்பக்கம் இறங்கி, வேகம் குறையக் குறைய உள்ளே வந்துவிடும்.

அப்படின்னா ஏன் யாருமே கட்டலை?

இந்த இடத்தில்தான் எனக்கு ரொம்ப நாள் ஆனது. படித்ததையும் சார் சொன்னதையும் சேர்த்து எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

1. இறங்கி ஓடும் விமானம் 2 கிலோமீட்டர் போனால், அது வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 72 டிகிரி திரும்பிவிடும். அப்போ எதிர்க்காற்று கொஞ்ச நேரம்தான். மற்ற நேரம் பக்கக் காற்றுதான்.

2. விமானிக்கு வழிகாட்டும் ரேடியோ அலைகள் பெரும்பாலான விமான நிலையங்களில் நேர்கோட்டில்தான் வருகின்றன. மூடுபனியிலும் மழையிலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். வட்டத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

3. சாய்வான பாதையில் ஒரு பக்கச் சக்கரம் முதலில் தொடும். இறக்கைக்குக் கீழே தொங்கும் என்ஜின் தரையில் உரசிவிடக் கூடாது.

4. மிக முக்கியமானது இது. நேர் ஓடுபாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டலாம். வட்டத்தைப் பாதி கட்டி, பயன்படுத்திப் பார்க்க முடியாது. முழுசாகக் கட்டினால்தான் வட்டம். அதுவும் உலகத்தில் முதல் ஆளாக யார் இவ்வளவு பணம் போடுவார்கள்?

ஆனால் வித்தியாசமான ஓடுபாதைகள் இருக்கின்றன!

நேபாளத்தில் லுக்லா என்ற மலை ஊர் இருக்கிறது. எவரெஸ்ட் போகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இறங்குவார்கள். 1964ல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று அதை அமைத்தார். நீளம் வெறும் 527 மீட்டர். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் உயர வித்தியாசமே சுமார் 60 மீட்டர். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. விமானம் மேட்டில் ஏறி இறங்கும், சரிவில் ஓடிப் பறக்கும். அந்த மேடே பிரேக்! ஆனால் சின்ன விமானங்கள் மட்டும்தான் போகலாம், அதற்கென்று பழகிய விமானிகள் வேண்டும். அப்படியும் அங்கே விபத்துகள் நடந்திருக்கின்றன.

இன்னொன்று போர்ச்சுகல் நாட்டின் மடீரா தீவு. மலைக்கும் கடலுக்கும் நடுவில் 1600 மீட்டர் ஓடுபாதைதான் இருந்தது. 1977 நவம்பரில் மழையில் இறங்கிய ஒரு விமானம் நிற்காமல் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 131 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு ஓடுபாதையை நீட்டினார்கள். இடம் இல்லாததால் 180 தூண்கள் நிறுத்தி, பாலம் போலக் கட்டினார்கள். 2000ல் நீளம் 2781 மீட்டர் ஆனது. தூண்களுக்கு நடுவில் விளையாட்டு இடம்கூட இருக்கு. ஆனாலும் பாலம் நீளத்தைத்தான் கொடுத்தது, காற்றை மாற்றவில்லை. பலமான காற்று அடிக்கும் நாட்களில் இன்றும் அங்கே விமானங்கள் இறங்காமல் திரும்பிப் போகின்றன.

எனக்குப் புரிந்தது

லுக்லாவில் மலை, மடீராவில் கடல். அங்கே வேறு வழியே இல்லை, அதனால் கட்டினார்கள். வட்ட ஓடுபாதை தப்பான யோசனை இல்லை. ஆனால் அது இல்லாமலே முடியாது என்ற ஊர் இன்னும் வரவில்லை. பெரிய ஊர்களில் காற்று மாறினால் வேறு திசையில் இரண்டாவது நேர்ப் பாதை போட்டுக்கொள்கிறார்கள். அதில் எல்லா விமானமும் இறங்கலாம், எல்லா விமானிக்கும் அது பழக்கம். உள்ளே நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கும்போது பழகின வழிக்குத்தான் மதிப்பு அதிகம். புது வழி அதைவிட நல்லது என்று முதலில் காட்ட வேண்டும்.

தெரிந்து கொள்வோம்

★ ஓடுபாதையில் எழுதியிருக்கும் எண் திசையைக் குறிக்கும். 09 என்றால் 90 டிகிரி, கிழக்கு. மறுமுனையில் 27, அதாவது மேற்கு.

★ சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை, அடையாறு ஆற்றைப் பாலத்தின் மேல் கடக்கிறது.

★ ஜிப்ரால்டரில் பெரிய சாலையே ஓடுபாதையைக் குறுக்கே கடந்தது. ரயில்வே கேட் மாதிரி மூடித் திறப்பார்கள். 2023ல் சுரங்கச் சாலை திறந்த பிறகு கார்கள் அதில் போகின்றன.

கடைசியாக ஒன்று. அந்தத் தோழி தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பரவாயில்லை. அன்றைக்குச் சிரித்ததற்கு இந்தச் சுவரிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவள் இப்போது அடுத்த கேள்வி கேட்டிருக்கிறாள்: "தண்ணியிலயே மிதக்கிற ரன்வே போட்டா என்ன?" இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பதில் தெரிந்தவர்கள் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுக்கவும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி