பழைய கணினியைக் கழற்றும் முன்

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. இதையொட்டி வந்த கடிதங்களில் கணிசமானவை டிடிபி சென்டர் வைத்திருப்பவர்களும் சிற்றிதழ் நடத்துபவர்களும் எழுதியவை. புதுக் கணினி வாங்கியாயிற்று, போட்டோஷாப்பும் இன்டிசைனும் ஏற்றியாயிற்று. ஆனால் பழைய பத்திரிகை மேட்டரை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது. ஒருங்குறியில் (யூனிகோடு) புதிதாகத் தட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கிறது. இரண்டையும் ஒரே கோளாறு என்று எண்ணி, எழுத்துருவை அழித்து அழித்து மறுபடி நிறுவிக்கொண்டிருக்கிறார்கள். இவை வெவ்வேறு கோளாறுகள். இரண்டாவது பத்து நிமிட வேலை. முதலாவதைப் பழைய கணினி கையில் இருக்கும்போதே கவனித்தாக வேண்டும்.

முதலில், ஆங்கிலமாகக் கொட்டும் கோளாறு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளைத் தட்டுகிறோம். கோப்பில் பதிவாவதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். ஜே இருக்க வேண்டிய இடத்தில் ‘த’வின் வடிவத்தையும், கே இருக்க வேண்டிய இடத்தில் ‘ம’வின் வடிவத்தையும் பாமினி வரைந்து வைத்திருக்கிறது. திரையிலும் அச்சிலும் தமிழ் தெரிகிறது. கோப்புக்குள் ஓர் எழுத்துகூடத் தமிழ் கிடையாது. இந்த வரி தமிழ் என்பதற்கு அங்கே உள்ள ஒரே சாட்சி, எழுத்துருவின் பெயர். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது அந்தப் பெயர் உதிர்ந்துவிடுகிறது. மிஞ்சுவது ஐந்து குறிகள்.

அந்தக் காலத்துக்கு இது மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. தமிழே தெரியாத பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைத் தமிழ் அச்சடிக்க வைத்தது. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் அதே இடங்களிலேயே எழுத்துகளைக் கண்டன. வினை வேறிடத்தில் இருந்தது. எழுத்துரு விற்ற ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அடுக்குமுறையை வைத்துக்கொண்டது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களை அரசு ஏற்றது. சந்தை பழையபடியே ஓடியது. 2010இல் ஒருங்குறியோடு டேஸ்16 என்பதையும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. ‘தரம்’ என்ற அந்தச் சொல்லை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். டேஸ்16, ஒருங்குறிக்குள் தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் அதுவும் வெறும் கட்டங்களாகவே தெரியும். கட்டுண்டு கிடப்பது என்னவோ அதே எழுத்துருவின் பெயருக்குத்தான்.

சரி, மாற்றிவிடலாமே என்கிறார்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் மாற்றிக்கு எழுத்துருவின் பெயர் தெரியாது, குறிகள் மட்டுமே தெரியும். மேட்டருக்கு நடுவே ஆங்கிலத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியையும் ஆளின் இனிஷியலையும் அது தமிழாக்கிக் குழப்பிவிடும். ஆகவே வெற்று உரையாக எடுக்காமல், எழுத்துருத் தகவலோடு ஆர்டிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். வேர்டில் திறந்து, பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.

இன்னொரு சிக்கலை எந்த மாற்றியாலும் முழுதாகத் தீர்க்க முடியாது. பாமினியில் ‘கௌ’ என்று அடிக்க, கொம்பு, க, அப்புறம் ‘ள’ என்று தட்டுகிறோம். ‘கெள’ என்பதற்கும் அதே மூன்று தட்டுதான். எது எதுவென்று கோப்பில் தடயம் இல்லை. ‘கெளரவம்’, ‘மெளனம்’ என்று இணையம் முழுக்கக் கிடப்பவற்றில் பல இப்படி வந்தவையே. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நூலகப் பட்டியலில் ‘கௌரி’ என்று தேடினால் அந்த ஆசிரியர் அகப்படமாட்டார். ஔகாரச் சொற்களை மனிதக் கண்தான் பார்த்துத் திருத்த வேண்டும்.

பேஜ்மேக்கர் கோப்பு வைத்திருப்பவர்கள் முந்த வேண்டும். இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் அவற்றைத் திறக்கும். அதற்குப் பின் வந்த கிரியேட்டிவ் கிளவுடு பதிப்புகள் திறக்கா. பேஜ்மேக்கர் ஓடுகிற கணினியைக் கழற்றும் முன் உரையை வெளியே எடுத்துவிடுங்கள்.

இனி, கொம்பு இடம் மாறும் கோளாறு. ஒருங்குறியில் ‘கொ’ என்பது க, அதன்பின் ஒகரக் குறி. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைத்துத் துணைக்காலைப் பின்னால் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. ‘யூனிகோடு ஆதரவு உண்டு’ என்று விற்பவர் சொன்னால், எழுத்து கட்டமாக மாறாது என்பதற்கு மேல் அதில் உத்தரவாதம் எதுவும் இல்லை. பணம் கட்டும் முன் ‘கொடுக்கும் ஸ்ரீ க்ஷேத்திரம்’ என்று அடித்துப் பாருங்கள். இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவில் வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸ், டைப் என்று போய் இன்டிக் ஆப்ஷன்ஸை முதலில் காட்டச் செய்து, பிறகு பத்திப் பலகத்தில் தெற்காசிய கம்போசருக்கு மாற்ற வேண்டும். கோடிக்கணக்கானோர் எழுதும் மொழிக்கான வசதியை இப்படி இரண்டு மெனுவுக்குள் புதைத்து வைத்திருப்பது அநியாயம்.

மற்ற கேள்விகள்:

இலவசப் புதுப்பிப்பு நின்றதால் விண்டோஸ் 10 கணினியும் நின்றுவிடுமா? நிற்காது, நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் வரும்.

காசு கொடுத்து வாங்கிய சிஎஸ்3 வட்டு இருக்கிறது, புதுக் கணினியில் நிறுவலாமா? முடியாது. சிஎஸ்2, 3, 4 ஆகியவற்றுக்கு அனுமதி தரும் சர்வர்களை அடோபி மூடிவிட்டது. ‘நிரந்தர உரிமம்’ நிலைத்தது அதுவரைதான்.

பழைய மேட்டரின் பிடிஎஃப் இருக்கிறதே, போதாதா? மறு அச்சுக்குப் போதும். தேடவும் திருத்தவும் உதவாது.

பாமினி விண்டோஸ் 11இல் வேலை செய்யுமா? செய்யும்.

ஒருங்குறித் தமிழுக்கு இலவச மென்பொருள் எது? இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் 1.6 இரண்டுமே கொம்பைச் சரியான இடத்தில் வைக்கின்றன.