தன் ஊரில் யானை

பாக்கு நீரிணையின் இக்கரையில் வாழும் நமக்கு அக்கரை வானொலியைக் கேட்பது நெடுநாட் பழக்கம். 1990 ஆம் ஆண்டின் பின் மின்சாரமின்றிக் கழிந்த ஆண்டுகளில், துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களுக்குத் தொலைவுக் குரலின் அருமை தெரியும். காற்றடங்கிய இரவுகளில் 100.5 மெகாஹேர்ட்ஸில் கொடைக்கானல் பண்பலை இங்கே கேட்பதுண்டு. அத்தகைய ஒலிபரப்பை அருகிலுள்ள ஒரு சிறுநிலையம் முற்றாக மறைத்துவிடவும் கூடும். பதினாயிரம் வாட் வலுவை நூறு வாட் வெல்வது எங்ஙனம்?

பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. யாழ்ப்பாணத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையே ஏறத்தாழ 280 கிலோமீற்றர். அம்மலை 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்திருந்தும், பூமியின் வளைவினால் அதன் தொடுவானம் நம் கரைக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. ஆயினும் கடலையொட்டிய ஈரக்காற்றின்மேல் வெப்பமான வறண்ட காற்றுப் படியும்போது, அலைகள் கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் வருகின்றன. ஆகவே இது வானிலை தரும் கொடை, நாள்தோறும் கிடைப்பதன்று.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். தூரம் இருமடங்கானால் அலையின் வலு நான்கிலொன்றாகும். 280 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள 10,000 வாட் நிலையத்தைவிட, 3 கிலோமீற்றரில் உள்ள 100 வாட் நிலையத்தின் அலை நம் வீட்டில் ஏறத்தாழ 87 மடங்கு வலிமையுடையது. பூமியின் வளைவையும் சேர்த்தெண்ணினால் வேறுபாடு இன்னும் பெரிது. ‘தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை’ என்ற பழமொழி இங்கே பொருந்துகிறது.

மத்திய அலையில் இரு நிலையங்கள் மோதினால் இரண்டும் கலந்து ஒலிக்கும். பண்பலையிலோ, வானொலிப் பெட்டி வலிய அலையை மட்டுமே பற்றிக்கொள்ளும். மெலிந்தது அறவே மறையும். அதனால், தொலை நிலையம் நின்றுவிட்டதென்றே கேட்பவர் எண்ணுவார். அடுத்த அலைவரிசையில் உள்ள அயல் நிலையமும், பிரித்தறியும் திறன் குறைந்த பெட்டியில் இடையூறு செய்யும்.

அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு 100 வாட் நிலையங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டபோது பெருநிலையங்கள் எதிர்த்தன. மூன்று அலைவரிசை தள்ளியும் அவை இயங்கலாகாதென அவ்வாண்டின் இறுதியில் சட்டம் தடுத்தது. 2003 இல் வெளிவந்த ஆய்வு அத்தூரத்தில் குறிப்பிடத்தக்க இடையூறு இல்லை எனக் காட்டவே, 2011 இல் அத்தடை நீக்கப்பட்டது. ஆனால் ஒரே அலைவரிசையில் மோதினால் விளையும் கேட்டை எச்சட்டத்தாலும் நீக்க இயலாது.

அவ்வாறாயின் சிறுநிலையங்கள் வேண்டாவோ? பாம்பனில் 2016 முதல் இயங்கும் ‘கடல் ஓசை’ மீனவர்க்கென ஒலிபரப்புவது. இந்தியாவின் 2006 ஆம் ஆண்டு விதிகள் சமுதாய வானொலியின் வலுவைப் பொதுவாக 100 வாட்டுக்குள் அமைத்தன. கடலின் நிலையையும் ஊரின் தேவையையும் ஊர் மொழியிற் கூறும் அத்தகைய குரலுக்கு, தொலைவிலிருந்து எப்போதோ வரும் இசை ஈடாகாது.

எனினும் இரண்டையும் காக்க வழியுண்டு. மக்கள் விரும்பிக் கேட்கும் தொலை நிலையத்தின் அலைவரிசையை விலக்கிச் சிறுநிலையத்துக்கு இடம் ஒதுக்குவது அதிகாரிகளின் கடமை. திசை நோக்கும் அன்டனாவை உயர்த்தி மேற்கே திருப்புவதும், நல்ல பெட்டியைத் தெரிவதும் நேயர் செய்யத்தக்கவை. வானவெளி பொதுச் சொத்து. அயலானின் குரலும் அக்கரையின் குரலும் அதிற் சேர்ந்து வாழ, பகிர்ந்தளிக்கும் அறிவே வேண்டப்படுவது.