முதுகு வலித்தால் கழுத்தையும் பாருங்கள்

ஐந்தொகையில் நூறு ரூபாய் இடித்தால் தப்பு ஐந்தொகையிலா இருக்கும்? சிட்டாவில் ஏதோ ஒரு பக்கத்தில் கூட்டலில் விட்டிருப்போம். வணிகர் யாவரும் அறிந்த சங்கதி இது. உடம்பு வலியும் அப்படித்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

2018இல் விருதுநகரில் பருப்புக் கொள்முதல் முடித்து மதுரை திரும்பும்போது, சிக்னலில் நின்ற எங்கள் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தது. பின் விளக்கு உடைந்ததோடு சரி என்று வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை வலது தோள்பட்டையை ஒட்டி முதுகில் குத்தல். தைலம், ஒத்தடம், வாயுவுக்கு இஞ்சிக் கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. முதுகை எக்ஸ்ரே எடுத்ததில் பழுதில்லை என்றார்கள். ஆனால் அரை மணி நேரம் குனிந்து கணக்கு எழுதினால் வலி வந்துவிடும்.

கடைசியாகப் பார்த்த எலும்பு மருத்துவர் என் முதுகைத் தொடவே இல்லை. கழுத்தைத் திருப்பச் சொன்னார். பின்கழுத்தில் ஒவ்வோர் எலும்பாக விரலால் அழுத்தி வந்தார். அடிக்கழுத்தில் ஓரிடத்தில் அழுத்தியதும் முதுகில் அதே குத்தல்!

கழுத்தில் 7 எலும்புகள். அவை நழுவாமல் கட்டி வைத்திருப்பவை லிகமெண்ட் என்னும் நார்கள். தலையோ சுமார் 5 கிலோ. பின்னாலிருந்து இடித்தால் உடம்பு முன்னே தள்ளப்படும். தலை பின்தங்கி, பிறகு முன்னே வீசப்படும். அப்போது நார் இழுபடும், சில சமயம் கிழியும். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியுமே தவிர நார் தெரியாது. ஸ்கேனிலும் சிறு கிழிசல் தப்பிவிடலாம். 1930களின் கடைசியில் லண்டனில் கெல்கிரென் என்ற மருத்துவர், முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள நாரில் உப்புநீர் ஊசி போட்டுப் பார்த்தார். ஊசி ஓரிடம், வலி தள்ளி வேறிடம். இப்போது சந்தேகப்படும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலி அடங்குகிறதா என்று பார்ப்பதும் உண்டு.

எனக்கு அது தேவைப்படவில்லை. மெல்லிய கழுத்துப் பயிற்சி கொடுத்தார். கணக்கு மேசையை உயர்த்திப் போட்டேன். மூன்று மாதத்தில் குணம்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து இடது கையோ தாடையோ வலித்தால், கழுத்து வலி என்று கடையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி என் குற்றம். எங்கள் மண்டியில் இருபது வருடமாக மூட்டை சுமப்பவர், "கை மரக்குது முதலாளி" என்று இரண்டு மாதமாகச் சொல்லி வந்தார். "சுளுக்குதான், சலூனில் கழுத்தைத் திருகிவிடச் சொல்" என்றேன். நல்ல வேளை, அவர் போகவில்லை. கை மரத்தாலும், பிடி தளர்ந்தாலும், நடை தடுமாறினாலும் நரம்போ தண்டுவடமோ நசுங்கியிருக்கலாமாம். அப்போது கழுத்தைத் திருகினால் கை கால் விழுந்துவிடும் அபாயம் உண்டு என்றார் மருத்துவர். அவரிடமே இவரையும் கூட்டிப் போனேன். நரம்பு நசுங்கியிருந்தது. இப்போது அவர் மூட்டை தூக்குவதில்லை, தராசில் நிற்கிறார். கூலி பழைய கூலிதான்.